ஒரு காலிப் பட்டியல் கற்றுத் தந்த பாடம்

வாடிக்கையாளர் புகார்களைப் பதிந்து வைக்கும் எங்கள் பழைய மென்பொருளை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ) கையாளும்படி செய்து தர வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். ஏபிஐ, அதாவது மற்ற மென்பொருள்கள் இதனோடு பேசும் வாசல், ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ மாடல்களை வெளி மென்பொருளோடு இணைக்கும் பொது முறையில் அமைந்த இடைநிரல்) எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல், அதாவது ஏஜென்ட் அழைக்கக்கூடிய ஒரு கட்டளை, வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். நிரல் எழுத இரண்டு நாள்தான் ஆனது. ஏஜென்ட் படிப்பதற்காக ஒவ்வொரு டூலுக்கும் விளக்கம் எழுதித் திருத்தவும் சோதிக்கவும் ஐந்து வாரம் ஓடிவிட்டது.

முதல் நாள் சோதனையிலேயே அடி விழுந்தது. “போன மாதம் வந்த புகார்களில் இன்னும் முடியாதவை எத்தனை?” என்று கேட்டேன். “ஒன்றுகூட இல்லை” என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னது. திரையில் நாற்பதுக்கு மேல் இருந்தன! ஏஜென்டை இயக்கும் மாடல் கதை விடுகிறது என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு, நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தேன். தப்பு என்னுடையது. டூலுக்கு என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவில், நிலை என்ற பாராமீட்டரை வெறும் ஸ்ட்ரிங் (எந்த எழுத்தும் செல்லும்) என்று மட்டும் எழுதியிருந்தேன். ஏஜென்ட் ‘பென்டிங்’ என்று அனுப்பியிருக்கிறது. எங்கள் மென்பொருளில் அந்த நிலைக்குப் பெயர் ‘ஓபன்’. தெரியாத சொல் வந்ததும் சர்வர் எரர் காட்டியிருக்க வேண்டும். அதுவோ 200 என்று வெற்றிக் குறியுடன் காலிப் பட்டியலைத் திருப்பியது. இத்தனை வருடம் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், மனிதர்கள் திரையில் இருக்கும் பட்டியலிலிருந்துதான் நிலையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, அனுமதிக்கப்பட்ட சொற்களை மட்டும் ஸ்கீமாவில் ஒரு பட்டியலாக (enum) அடைத்தேன். தெரியாத சொல் வந்தால் காலிப் பட்டியலுக்குப் பதில் எரர் வரும்படியும் செய்தேன். அதைவிட அதிகம் உதவியது அந்த எரர் செய்தியை மாற்றியதுதான். முதலில் ‘தவறான உள்ளீடு’ என்று மொட்டையாக இருந்ததை, ‘பென்டிங் என்ற நிலை இல்லை, ஓபன், ஹோல்ட், குளோஸ்டு ஆகியவற்றில் ஒன்றைத் தரவும்’ என்று எழுதினேன். அதைப் படித்ததும் ஏஜென்ட் தானாகவே திருத்தி மறுபடி அழைக்கிறது. தேதிக்கும் இதே கதைதான். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்குத் தெரியும்? வருடம், மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம் மட்டுமே செல்லும் என்று எழுதி, ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்தேன்.

அப்புறம் டூல்களின் எண்ணிக்கை. பதினெட்டு வைத்திருந்தேன். ‘புகார் தேடு’, ‘புகார் பட்டியல்’, ‘புகார் வடிகட்டு’ என்று மூன்று. எதை எப்போது எடுப்பது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லா விளக்கமும் ஒவ்வொரு உரையாடலிலும் டோக்கனை (மாடல் படிக்கும் எழுத்தை அளக்கும் அலகு) தின்கிறது என்பது வேறு. சேர்த்துச் சுருக்கி ஏழாக்கினேன். ஒவ்வொன்றிலும் ‘எதற்கு’ என்பதோடு ‘எதற்கு இல்லை’ என்றும் ஒரு வரி எழுதினேன். அந்த இரண்டாவது வரிதான் குழப்பத்தைக் குறைத்தது.

மதிப்பீட்டில் நான் செய்த அபத்தங்களையும் சொல்ல வேண்டும். டூல் விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முப்பது கேள்வி எழுதினேன். விளக்கத்தில் இருக்கும் சொற்களே கேள்வியிலும் வந்துவிட்டன; ஏஜென்ட் பிரமாதமாகப் பாஸ் ஆனது. வினாத்தாளில் விடையையும் அச்சடித்த கதை. பிறகு சக ஊழியர்கள் நிஜமாகக் கேட்ட கேள்விகளை, பெயர்களை நீக்கிவிட்டு, அப்படியே எடுத்தேன். “அந்தப் பழைய பில் விவகாரம் என்ன ஆச்சு” மாதிரியான கேள்விகள். மதிப்பெண் சரிந்தது.

இன்னொன்று: எந்த டூலை எந்த வரிசையில் அழைக்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பெண் போட்டேன். நான் நினைக்காத குறுக்கு வழியில் சரியான விடைக்குப் போனதையெல்லாம் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். இப்போது கடைசியில் தரவுத்தளம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். ஒரே கேள்வியை ஐந்து முறை ஓட்டுகிறேன், ஏனென்றால் ஒருமுறை பாஸ் ஆவதற்கு அர்த்தமே இல்லை. ஐந்தில் மூன்று சரி என்றால், பதிவை மாற்றும் டூலுக்கு அது தோல்விதான். பத்துக் கேள்விகளைத் தொடாமல் தனியே ஒதுக்கியும் வைத்தேன். மற்றவற்றைப் பார்த்துப் பார்த்தே விளக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்ததால், அவற்றின் மதிப்பெண்ணை நம்ப முடியவில்லை.

குறித்த நேரத்தில் பதில் வராமல் டைம்அவுட் ஆனதும் ஏஜென்ட் மறுபடி அழைத்து, ஒரே குறிப்பு இரண்டு முறை பதிவானதும் நடந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும்படி மாற்றினேன். விளக்கத்தில் ‘இரண்டு முறை அழைக்காதே’ என்று கெஞ்சியதை நீக்கிவிட்டேன்.

இரண்டு புகார்களை ஒன்றாக இணைக்கும் டூல் மட்டும் இன்னும் நிற்கிறது. நேற்றைய ஓட்டத்தில் ஐந்துக்கு நான்கு. அதை ஏஜென்டுக்குத் திறந்துவிடவில்லை. இணைக்கலாம் என்று அது பரிந்துரைக்கும், பொத்தானை அழுத்துவது ஒரு மனிதர்.