வேலிடேஷன் என்ற ஒரு சொல்

மதியம் மூன்று மணி இருக்கும். எங்கள் மருத்துவ மென்பொருளுக்கான அனுமதி விண்ணப்பத்தின் கடைசிச் சில பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, 'இவரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்' அல்லது 'அடுத்த வருடம் வந்தால் போதும்' என்று சொல்லும் மென்பொருள் அது. படங்களைக் காட்டி மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கும் மாடல் டீம் கொடுத்த அட்டவணையின் தலைப்பு 'வேலிடேஷன் முடிவுகள்'. எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற எண்கள் பிரமாதமாக இருந்தன. அதை அப்படியே எடுத்து 'கிளினிக்கல் வேலிடேஷன்' பகுதியில் சேர்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் மாடல் டீம் தம்பியிடம், "இந்தப் படமெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"டிரெயினிங்குக்கு வாங்கினதுதான் அக்கா. அதுல ஒரு பங்கைத் தனியா வெச்சிருப்போம். ஒவ்வொரு தடவையும் அதுல ஓட்டிப் பார்த்துத்தான் செட்டிங்கை மாத்துவோம். எந்த மாடல் நல்லா வருதோ அதை எடுத்துக்குவோம்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒருவருக்குப் போட்டுப் பார்த்து, பிடித்துத் தைத்து, மறுபடி போட்டுப் பார்த்துத் திருத்திய சட்டை அவருக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. அடுத்தவருக்குப் பொருந்துமா என்பதுதான் அனுமதி கொடுப்பவர் கேட்கும் கேள்வி. அந்த இடத்தில் நான் வைத்திருந்தது அதே ஆளின் சட்டையை.

தம்பி மேல் தப்பே இல்லை. அவர் படித்த துறையில் வேலிடேஷன் என்றால் அதுதான். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி வாங்கும் என் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு எடை: இந்தக் கருவி எதற்கென்று சொல்லப்பட்டதோ, அந்த வேலைக்கான தேவைகளை நிறைவேற்றுகிறது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று. இரண்டு பேரும் மாதக்கணக்கில் ஒரே சொல்லைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததாகவே நினைத்திருந்தோம்.

இது எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடந்த குழப்பமல்ல. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் இதையே எடுத்துச் சொல்கிறது: ஏஐ துறையினர் மாடலைச் சரிசெய்யும் கட்டத்தை வேலிடேஷன் என்கிறார்கள், விண்ணப்பத்தில் அந்த அர்த்தத்தில் எழுதாதீர்கள் என்று. ஐரோப்பாவின் 2024 ஏஐ சட்டமோ, மூன்றாம் பிரிவில் 'வேலிடேஷன் தரவு' என்பதற்கு அந்தத் தம்பி சொன்ன அர்த்தத்தையே எழுதி வைத்திருக்கிறது. ஆக, ஒரே கருவியை இரு இடங்களுக்கும் அனுப்புகிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் நின்று யோசிக்க வேண்டும்.

முழு அர்த்தத்தில் வேலிடேஷன் எப்படி இருக்கும் என்பதற்கு நான் டீமுக்குக் காட்டிய உதாரணம், 2018 ஏப்ரலில் எஃப்டிஏ அனுமதி பெற்ற ஐடிஎக்ஸ்-டிஆர். அதுவும் விழித்திரைக் கருவிதான். 10 ஆரம்ப சிகிச்சை மையங்களில், 900 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். கண் மருத்துவர் இல்லாத இடத்தில்தான் அது வேலை செய்யப் போகிறது என்பதால், சோதனையும் அப்படிப்பட்ட இடத்தில். சரியா தப்பா என்று ஒப்பிட்டது தனியான ஒரு மையம் படித்துச் சொன்ன முடிவோடு.

அப்புறம் நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு சொற்பட்டியல் போட உட்கார்ந்தது. பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்த ஐஎம்டிஆர்எஃப் 2022 மே மாதம் வெளியிட்ட சொல் விளக்க ஆவணத்தை நடுவில் வைத்துக்கொண்டோம். எனக்கு அதில் பிடித்தது, 'ஏஐ என்றால் என்ன' என்ற முடிவில்லாத வாதத்தில் அது மாட்டிக்கொள்ளாததுதான். இயந்திரக் கற்றலை, அதாவது தரவைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும் முறையைப் பயன்படுத்தும் மருத்துவக் கருவி என்று வரம்பைச் சுருக்கிக்கொண்டது: தன் மருத்துவ நோக்கத்தை அடைய, முழுதாகவோ ஓரளவோ இயந்திரக் கற்றலை நம்பியிருக்கும் கருவி. எங்கள் மென்பொருளில் படம் மங்கலா என்று பார்க்கும் பகுதி வெறும் கணக்கு. ஓர் அளவுக்குக் கீழே போனால் நிராகரிக்கும், அவ்வளவுதான். விற்பனைப் பிரிவு அதையும் ஏஐ என்றே போட்டிருந்தது. எடுக்கச் சொன்னேன்.

'பயஸ்' என்ற சொல்லில் இன்னொரு தடங்கல். மாடல் எழுதுகிறவருக்கு அது கணக்கில் கூட்டும் ஓர் எண். ஐஎம்டிஆர்எஃப் ஆவணத்தில் அது, சில மனிதர்களையோ குழுக்களையோ மற்றவர்களிடமிருந்து தொடர்ந்து வேறுபடுத்தி நடத்துவது.

நாங்கள் அதிக நேரம் நின்றது 'கிரவுண்ட் ட்ரூத்' என்ற வரியில்; மாடலின் பதிலை ஒப்பிட்டுப் பார்க்கும் சரியான விடை அது. மாடல் டீம் அதை 'உண்மை' என்றே பேசும். எங்களுக்கு ஆலோசகராக இருந்த கண் டாக்டர் அம்மா மடிக்கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். செம்மஞ்சள் வட்டம், நடுவில் கருமையாக மாக்குலா எனும் பார்வை மையம், ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி. ஊசி முனை அளவுகூட இருக்காது. "இது ரத்தக்குழாய் வீக்கமா, கேமரா லென்ஸ்ல இருந்த தூசியா? நான் வீக்கம்னு சொல்லியிருக்கேன். இன்னொரு டாக்டர் தூசின்னு சொல்லியிருக்கார். இதுல உங்க உண்மை எதுப்பா?" யாரும் பேசவில்லை. மூன்றாமவர் ஒருவர் இருவரையும் கேட்டு முடிவு செய்ததைத்தான் நாங்கள் உண்மை என்று கோப்பில் எழுதியிருந்தோம். அதனால் பட்டியலில் 'உண்மை' போய், 'ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட்', அதாவது ஒப்பிட எடுத்துக்கொண்ட அளவுகோல், வந்தது. கூடவே எத்தனை பேர் படித்தார்கள், கருத்து வேறுபட்டால் யார் தீர்த்தார்கள் என்ற இரண்டு வரிகளும்.

புதிதாக, நாங்கள் இதுவரை தொடாத வேறொரு மருத்துவமனையின் படங்களில் மாடலை ஓட்டினோம். எண் இறங்கியது. காரணம் தேடியபோது பெரும்பாலும் வயதானவர்களின் படங்கள். கண்புரையால் மூடுபனி போட்டதுபோல் இருந்தன. தாய்லாந்தில் 11 மருத்துவ மையங்களில் கூகுளின் கருவியைப் பயன்படுத்திப் பார்த்து 2020-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு படம் தரம் போதாது என்று திரும்பி வந்ததை அப்போதுதான் டீமுக்குச் சொன்னேன்.

"அந்தப் படத்தையெல்லாம் கணக்கிலேர்ந்து எடுத்துட்டா எண் ஏறிடும்," என்றார் ஒருவர்.

டாக்டர் அம்மா மறுத்துத் தலையசைத்தார். "அந்தப் பாட்டி வெளியே பெஞ்ச்ல உட்கார்ந்திருக்காங்கப்பா. அவங்களை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?"

'படிக்க இயலாத படம்' என்ற சொல்லுக்கு நேரே அன்று மாலை எழுதினோம்: கருவி முடிவு சொல்லாத படம், நோயாளி கண் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும், எண்ணிக்கை அறிக்கையில் தனியாகக் காட்டப்பட வேண்டும். விண்ணப்பம் ஏழு வாரம் தாமதமாகப் போனது. இறங்கிய எண்ணோடுதான் போனது.