வடிகால் தண்ணீருக்கு வெங்காய வேர் சாட்சி

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மருந்து அடித்த மறுநாள் மழை கொட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அது உயிரணுவை என்ன செய்கிறது என்றுதான் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கலாம். பள்ளி நுண்ணோக்கியும் சந்தை வெங்காயமும் இருந்தால் போதும்.

புதுசு ஒன்றுமில்லை, 1938-லேயே ஸ்வீடன் மரபியல் ஆய்வாளர் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் கோல்ச்சிசின் (உயிரணு பிரிவதைக் குலைக்கும் தாவர நஞ்சு) செய்யும் வேலையை எழுதிவிட்டார். மனிதனுக்கு 46 குரோமோசோம் (உட்கருவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை) என்று 1956-ல் சக ஆய்வாளர் ஜியோவோடு சேர்ந்து சொன்ன அதே லெவான்தான். வெங்காயத்துக்கு 16, ஒவ்வொன்றும் நல்ல பெரிசு, அதனால்தான் அது தோதாக இருக்கிறது.

காய்ந்த தோலை உரித்து, அடியில் ஒட்டியிருக்கும் பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி குவளை வாயில் உட்கார வையுங்கள். சில குவளையில் நல்ல தண்ணீர், சிலவற்றில் வடிகால் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் வேர் விடும் (கடை வெங்காயத்தில் சிலது விடவே விடாது, கூடுதலாக வாங்குங்கள்). நுனியை வெட்டி அசிட்டிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்கி, குரோமோசோமைக் காட்டும் ஓர்சீன் (orcein) சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்க வேண்டும். அமில வேலையை அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

சரி, எதைத் தேடுவது? பிரியும் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் சுத்தமாக விலக வேண்டும். சேதமானதில் நடுவில் ஒரு இழை பாலம் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும், அல்லது துண்டு ஒன்று பின்தங்கிவிடும், பிறகு அது உட்கருவின் பக்கத்தில் சின்னப் புள்ளியாகத் தங்கிவிடும். அதுதான் நுண்ணுட்கரு. நல்ல தண்ணீரிலும் ஒன்றிரண்டு இருக்கும், ஆகவே ஒவ்வொன்றிலும் ஆயிரம் உயிரணுவாவது எண்ணி ஒப்பிட வேண்டும். எந்தக் குவளை எதுவென்று எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

இதைச் சொன்னதும் 'எங்கள் கன்னத்தைச் சுரண்டிப் பாருங்களேன், தம்பி' என்று மருந்தடிக்கும் அக்காமார்கள் கேட்கிறார்கள். கன்னத்தின் உள்பக்க உயிரணுவிலும் நுண்ணுட்கரு எண்ணலாம், உண்மைதான். ஆனால் புகையிலையும் வெற்றிலை பாக்கும் அந்த எண்ணிக்கையைக் கூட்டும், ஒரு ஆளுக்குப் புற்றுநோய் வருமா என்று அது சொல்லாது. மருத்துவர் இல்லாமல் அதில் கை வைத்துவிட்டு, பயந்துபோனவரை யார் தேற்றுவது? எனக்கு வெங்காயமே போதும்.

வெங்காயமும் குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020-ல் தடை செய்துவிட்டது, மற்ற மருந்துகள் இருக்கின்றன, வடிகாலில் சோப்பு, எஞ்சின் எண்ணெய் என்று எல்லாமே கலக்கிறது. அதனால் தண்ணீர் தோட்டத்துக்குள் வருமுன் மேலே ஒரு புட்டி, தோட்டத்தைத் தாண்டிக் கீழே ஒரு புட்டி, ஒரே நாளில் எடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் இன்னும் நல்லது.