முந்தின நாள் ராத்திரி கூப்பிடாதீங்க

நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். தஞ்சாவூர் பக்கம் ஒரு கம்பெனி, காலைல சேஃப்டி ட்ரெய்னிங்காம், காது கேளாத பசங்க நாலு பேர் இருக்காங்க, சைகை மொழிக்கு ஒரு ஆள் அனுப்ப முடியுமாங்கன்னு கேட்டாங்க. எங்கேருந்துங்க அனுப்புறது? கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் சேத்தாலும் எனக்குத் தெரிஞ்ச இன்டர்பிரட்டர்கள விரல் விட்டு எண்ணிடலாம், பாதி நேரம் திருச்சிலேருந்துதான் வரணும். "சரிங்க, ஒருத்தரோட தங்கச்சிக்கு சைகை தெரியுமாம், அத வச்சிக்கிறோம்"னு போன வச்சிட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல.

ஏன்னா அந்தத் தங்கச்சியா நானும் போய் நின்னிருக்கேன். எங்க அண்ணனுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது, அரிசி மில்லுல வேலை. பாய்லர் மாத்துனப்ப இன்ஜினியர் ஒரு மணி நேரம் பேசுனாரு, எனக்கு வால்வும் தெரியாது ப்ரெஷரும் தெரியாது, வீட்டுல சாப்பாடு தண்ணிக்குக் காட்டுற சைகைதான் தெரியும், அதனால "சூடு, கிட்ட போகாத"ன்னு மட்டும் காட்டுனேன். நடுவுல எல்லாரும் சிரிச்சாங்க, என்னன்னு அண்ணன் கேட்டுச்சு, அப்புறம் சொல்றேன்னேன், சொல்லவே இல்ல. ரெண்டு மாசத்துல நீராவி அடிச்சு முழங்கை வெந்து போச்சு. எந்த வால்வத் தொடக்கூடாதுன்னு அன்னிக்கே இன்ஜினியர் சொல்லியிருக்காரு.

இப்ப யார் கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது, ரெண்டு வாரம் முன்னாடி சொல்லுங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல கூட்டம்னா ரெண்டு பேருக்குக் காசு ஒதுக்குங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை மாறி மாறி செய்யணும், கை மட்டும் இல்ல மூளையும் களைச்சுப் போகும், களைச்சா பாதி விஷயம் விட்டுப்போகும். அந்தக் காச நடத்துறவங்கதான் குடுக்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல தகவல் தொடர்புன்னா சைகை மொழியும் சேத்திதான்னு தெளிவா இருக்கு.

பேசப் போறத முன்னாடியே எழுதிக் குடுங்க. டெல்லில இருக்கற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் பத்தாயிரம் சொல்லுக்கு அகராதி போட்டிருக்காங்க, பெரிய வேலை அது, ஆனா நம்ம ஊர் விவசாயக் கூட்டத்துல வர்ற வார்த்தையே வேற. மேட்டூர் தெறக்கறதுக்கு முன்னாடி நடந்த ஒரு கூட்டத்துக்கு வந்த இன்டர்பிரட்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, காது கேளாத விவசாயிங்ககூட பந்தல்ல உக்காந்து நீங்க இத எப்படிச் சொல்வீங்கன்னு கேட்டாரு. ஒரு பெரியவர் தாளடிக்கு, அதான் ரெண்டாம் போக நெல்லுக்கு, அறுத்துட்டு அதே எடத்துல மறுபடி நடுற மாதிரி காட்டுனாரு. கடைமடைக்கு, அதான் வாய்க்கால் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற எடத்துக்கு, முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் தண்ணி ஓடுற மாதிரி இழுத்துட்டு வந்து சுண்டுவிரல் நுனிய மட்டும் தொட்டாரு. மேடையில அதே சைகை வந்தப்ப அந்தப் பெரியவர் முதுக நிமித்தி உக்காந்தாரு பாருங்க.

மேடையில எடமும் முக்கியம். குத்துவிளக்குக்குப் பின்னாடி, சீரியல் லைட்டுக்கு முன்னாடியெல்லாம் நிக்க வச்சா கையே தெரியாது. பேசுறவர் பக்கத்துல, மூஞ்சில வெளிச்சம் விழற மாதிரி, பின்னாடி ஒரே கலர் துணி இருந்தா நல்லது. எதிர்ல மொத ரெண்டு வரிசைய அவங்களுக்கு விடுங்க, போட்டோக்காரங்க குறுக்க வராமப் பாத்துக்குங்க.

காலைல அந்தக் கம்பெனிக்கு நானே திரும்ப போன் பண்ணி அண்ணன் கை வெந்த கதையச் சொன்னேன். அந்த மேனேஜர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளி வச்சிட்டாரு, மெஷின் படமெல்லாம் வாட்ஸப்புல வந்துருச்சு. திருச்சிலேருந்து ரெண்டு பேர் வர்றாங்க. ஆனா அந்த நாலு பேருல ஒரு தம்பி ஸ்கூல் பக்கமே போகலையாம், வீட்டுச் சைகை மட்டும்தான், அதனால அவருக்குப் புரியுற மாதிரி மாத்திச் சொல்ல காது கேளாத ஒருத்தரே கூட இருக்கணும். நீடாமங்கலத்துல ஒருத்தர் இருக்காருன்னு அண்ணன் சொல்லுச்சு, சாயங்காலம் ரெண்டு பேருமா போய்ப் பாக்கப் போறோம்.