கன்னியாவுக்கு வெப்பமானியோடு போனோம்

பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழமை உண்டு. விடியப் புறப்பட வேண்டும், ஒரே நாளில் ஏழெட்டு இடம் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு குழுப்படம், நடுச்சாமத்தில் வீடு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பஸ்ஸில் யார் சத்தி எடுத்தார்கள் என்பதுதான் விபரமாக வரும். ஏழாம் தரத்துக்கு வெப்பநிலை படிப்பித்துக்கொண்டிருந்தபோது, இந்த முறை ஒரே இடம், ஒரே கேள்வி என்று முடிவெடுத்தேன். இடம் கன்னியா, திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் இடம். கேள்வி இதுதான்: ஏழு கிணறும் ஒரே சூடா?

திருகோணமலைப் பிள்ளைக்குக் கன்னியா புதிதில்லை. அநுராதபுரம் வீதியால் சுமார் 8 கிலோமீற்றர். இறந்துபோன தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் குத்திய ஏழு இடங்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இறந்த யாருக்காவது அந்தியேட்டிக் கிரியை நடந்தபோது அங்கே போய்வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். "ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். அளந்து பார்த்தவர்தான் வகுப்பில் ஒருவருமில்லை.

போவதற்கு முன் வகுப்பில் செய்த வேலைதான் பயணத்தைக் காப்பாற்றியது. மூன்று பேசின் வைத்தோம்: ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் இளஞ்சூடு, நடுவில் குழாய்த் தண்ணீர். ஒரு கையைக் குளிரிலும் மற்றதைச் சூட்டிலும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுப்பேசினில் விட வேண்டும். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சுடும், மற்றக் கைக்குக் குளிரும். "சேர், கை பொய் சொல்லுது!" என்று ஒருத்தி கத்தினாள். அதற்குப் பிறகு வெப்பமானி ஏன் வேண்டும் என்று நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்தது வாசிக்கப் பழகுவது. கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், குமிழைக் கையால் பிடிக்கக்கூடாது, உள்ளே ஏறும் திரவ நிரல் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கேட்க எளிது. ஒரே பேசினுக்கு ஆறு குழுவும் ஆறு விடை சொன்ன நாளில் எனக்குத் தலை சுற்றியது. விடைகள் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை திருப்பித் திருப்பிச் செய்தோம். பாதரச வெப்பமானியைக் கொண்டுபோகவில்லை. உடைந்தால் கிணற்றுத் தண்ணீரில் நஞ்சு. சிவப்பு நிற அற்ககோல் வெப்பமானிகள்தான். வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுவந்த பிள்ளையிடம், அது 35இலிருந்து 42 பாகைக்குள் அளக்கச் செய்தது என்று காட்டினேன். அதுவே நல்லதொரு பாடமாகிவிட்டது.

அனுமதி எடுக்கிற வேலையை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதிபரின் கடிதம், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றாரின் சம்மதக் கடிதம், பஸ்ஸின் ஆவணங்கள், முதலுதவிப் பெட்டி. கடிதத்தோடு பாடத்திட்டத்தையும் பிள்ளைகள் நிரப்பப் போகும் அட்டவணையையும் இணைத்துக் கொடுங்கள். எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்வி பாதி குறைந்துவிடும். பெற்றார் கூட்டத்தில் அம்மாமாருக்கு ஒரே பயம், "கிணறு" என்ற பெயர்தான். ஆழமில்லாத சதுரத் தொட்டிகள், அடி தெரியும், உள்ளே இறங்குவதில்லை என்று படம் காட்டியதும் கையெழுத்து வந்தது. மாரி மழை விட்ட பிறகு, கச்சான் காற்றும் அனலும் தொடங்குமுன், பெப்ரவரியில் ஒரு வார நாளைத் தேர்ந்தோம். வார இறுதியில் குளிக்க வரும் கூட்டத்துக்குள் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது.

அன்று காலை நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே போனதும் முதலில் கையால்தான் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு குழுவும் கிணறுகளைச் சூட்டு வரிசையில் எழுத வேண்டும். ஆறு குழு, ஆறு வரிசை, ஒரே சண்டை. அதன் பிறகுதான் வெப்பமானி.

இங்கே ஒரு சிக்கல் வரும் என்று முன்கூட்டியே யோசித்திருந்தோம். நூலில் கட்டி இறக்கிய வெப்பமானியை மேலே எடுத்தால், வாசிப்பதற்குள் காற்றுப் பட்டு நிரல் இறங்கிவிடும். ஆகவே வெட்டிய சிறிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் குமிழ் இருக்கும்படி கட்டினோம். மேலே வரும்போது கிணற்றுத் தண்ணீரும் கூடவே வரும், குமிழ் அதற்குள்ளேயே இருக்கும். வாளியில் அள்ளிக் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் பிடிக்கிறியளோ?" என்றார். பிறகு அவரே எங்களுக்காகக் குளிப்பதை நிறுத்தி, தண்ணீர் நிலைக்கும்வரை காத்திருந்தார். மறுபக்கத்தில் ஒரு குடும்பம் கிரியைக்காக வந்திருந்தது. அவர்கள் முடித்துப் போகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. இதைப் பஸ்ஸிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

பெரியவர்கள் சொன்னது சரிதான். கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம் இருந்தது. ஆனால் கையால் போட்ட வரிசை எந்தக் குழுவுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. மர நிழலில் உட்கார்ந்து அட்டவணையை நிரப்பினோம். சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் குரங்குகள் வந்து, ஒரு கொப்பியும் இரண்டு வாழைப்பழமும் பறிபோயின. பிள்ளைகளைக் கேட்டால் அன்றைய நாளின் உச்சம் அதுதான்.

வகுப்புக்குத் திரும்பியதும் ஏன் என்ற கேள்வி வந்தது. "எரிமலையா சேர்?" இல்லை, இலங்கையில் இப்போது இயங்கும் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. நிலத்துக்கடியில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடும் என்று கரும்பலகையில் எழுதினேன். நிலத்தடி நீர் சாதாரணமாக 28 பாகை, ஊற்று 40 பாகை என்று வைத்தால் எவ்வளவு ஆழம்? கணக்கில் பின்தங்கிய ஒரு பையன்தான் முதலில் கையை உயர்த்தினான்: "அரைக் கிலோமீற்றர் கிட்ட." வரும் வழியில் ஆறாதா என்று பக்கத்திலிருந்தவள் மடக்கினாள். ஆறும்தான், ஆகவே அதைவிட ஆழம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் வேறுபடுவதற்கு, மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் கூடக்குறையக் கலப்பது ஒரு காரணம் என்றேன். "மழைக்குப் பிறகு கூடுதலாகக் கலந்தால் சூடு குறையுமோ?" என்று அவளே திரும்பக் கேட்டாள்.

அதற்கு என்னிடம் அளவுகள் இல்லை. மார்கழியில் இன்னொரு முறை போவதற்கான கடிதத்தை அவளின் குழுவே எழுதித் தந்திருக்கிறது. அதிபரின் மேசையில் இருக்கிறது. போத்தல்களை எறியாமல் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.