பெரியப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குது

அல்சூர்ல எங்க சொந்தத்துல யாருக்கு நெஞ்சுவலின்னாலும் முதல்ல கேக்குறது "என்சைம் ஏறிருக்கா"ன்னு தான். பெரியப்பாவுக்கு அட்டாக் வந்தப்ப ரத்த ரிப்போர்ட்ல சிகே-எம்பிங்கற என்சைம் ஜாஸ்தியா இருந்துச்சு, அதுலேந்து வீட்ல எல்லாரும் என்சைம்னாலே ஏதோ உடம்புல கூடக்கூடாத கெட்டதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. பாவம் அது, இதயத் தசைக்குள்ள உக்காந்து வேலை பாக்குற ஆளு, ரத்தம் போகாம செல் செத்து உடைஞ்சதால வெளிய கசிஞ்சு வந்துடுது. அடைப்பு வந்து நாலஞ்சு மணி நேரத்துல ஏற ஆரம்பிக்கும், ஒரு நாள் வாக்குல உச்சிக்குப் போகும், ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். (இப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் முதல்ல பாக்குற ட்ரோப்போனின் என்சைமே இல்ல, அது தசையோட புரதம்.)

சரி, ரத்தத்துல அதோட அளவு இறங்கிடுச்சு, தசைக்குள்ள என்ன நடக்குது? எனக்கு முக்கியமா படுறது இது தான். இதயம் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 6 கிலோ ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்குற பொருள்) செலவு பண்ணுதுங்கறாங்க, ஆனா கையிருப்பு சில துடிப்புக்கு தான் வரும், அதனால செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா செஞ்ச சக்திய தசை நாருக்கு உடனே உடனே கொண்டு போய் சேர்க்கணும், அந்த வேலைய வேகமா முடிச்சுக் குடுக்குறது கிரியேட்டின் கைனேஸ். ரத்தத்துல பாக்குற சிகே-எம்பி இதோட ஒரு வகை தான். பெரியப்பாவோடது மாதிரி ஹார்ட் ஃபெயிலியர் ஆன, அதாவது வீக்காகி ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாத இதயத்துல இந்த என்சைமோட வேலையே மந்தமாயிடுது, கிரியேட்டினும் குறைஞ்சிடுது. 2005ல அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நோயாளிங்க இதயத்த எம்ஆர்ஐ மெஷின்லயே வச்சு அளந்தாங்க, இந்த என்சைம் வழியா ஏடிபி வர்ற வேகம் ஏறக்குறைய பாதியா இருந்துச்சு, அதுவும் சும்மா படுத்திருக்கும்போதே.

பெரியப்பா மாடி ஏறி பாதில நின்னா "மனசு வச்சா ஏறலாம்"னு சொல்றவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது. அவரு ஏரி வரைக்கும் நடக்கணும்னு தான் கிளம்புறாரு, இதயத்துக்கு அந்த நேரத்துல சக்தி போய்ச் சேரலன்னா அவரு என்ன பண்ணுவாரு?

இன்னொன்னு, பீட்டா பிளாக்கர் மாத்திரை. "ஏற்கனவே வீக்கா இருக்குற இதயத்த இன்னும் மெதுவாக்குறாங்களே"ன்னு பெரியம்மாவுக்கு ரொம்ப பயம். ஆனா வீக்கான இதயத்த அடிச்சு ஓட்டுற மருந்த ஏற்கனவே குடுத்துப் பாத்திருக்காங்க, மில்ரினோன்னு பேரு, அதுவும் வேற ஒரு என்சைம தடுத்து தான் துடிப்ப பலமாக்கும், 1991ல வந்த ஆய்வுல அத மாத்திரையா சாப்பிட்டவங்க கிட்ட சாவு 28 சதவீதம் கூடுதலா இருந்துச்சு. பீட்டா பிளாக்கர் இதயத்தோட சக்தி செலவ குறைக்குது, ஹார்ட் ஃபெயிலியர்ல ஆயுச கூட்டுதுன்னு பெரிய பெரிய ஆய்வுலயே பாத்துட்டாங்க. அதனால பல்ஸ் குறையுதுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, தலை சுத்தல், மயக்கம் ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி டோஸ மாத்திக்கோங்க.