ஏரிக்கு வந்த கடற்கரைப் பறவை

செப்டம்பர் 19

வேலை முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில் பறவை பார்ப்போர் குழுவில் ஒரு படம் வந்தது. மங்கல்தான். ஆனால் அந்த ஆரஞ்சு நிறக் குட்டைக் கால்களும் மார்பின் கரும்பட்டையும் போதும்: கல்திருப்பி உள்ளான்! கடலோரப் பாறைகளில் திரிய வேண்டியது, கடல் வாசமே இல்லாத ஒரு நீர்த்தேக்கத்தில். சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம் கூடுதல். சரி, விடிவதற்குள் அங்கே இருந்துவிட வேண்டும். வானம் தெளிந்தால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடும் என்பதுதான் கவலை. நல்லவேளை, மழைக்காற்று இன்னும் விடவில்லை.

செப்டம்பர் 20

இருந்தது!

முதலில் கண்ணில் பட்டதெல்லாம் உப்புக்கொத்திகளும் பொரி உள்ளான்களும்தான். அப்புறம் தொலைநோக்கியைக் கரையின் கல் சரிவுப் பக்கம் திருப்பினேன். காய்ந்து வெடித்த சேற்றுப் பாளங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. ஆப்பு போன்ற சிறிய அலகு, நுனி லேசாக மேல்நோக்கியது. அதை அடியில் செருகி, கழுத்தால் ஒரு தள்ளு. பாளம் மல்லாந்ததும் அடியில் ஓடும் பூச்சியைக் கொத்தல். ஒரு பெரிய பாளம் அசையவில்லை. மார்பை முட்டுக்கொடுத்துத் தள்ளியது!

முதுகிறகுகளின் விளிம்பு வெளிறிச் செதில் செதிலாகத் தெரிந்ததால் இது இந்த ஆண்டுக் குஞ்சு. ஆர்க்டிக் பகுதியில் பொரித்தது. பெரியவை முன்னதாகவே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னால் தாமாகவே வழி கண்டு வரவேண்டும். எடை சுமார் 100 கிராம்.

“வழி தவறி வந்துடுச்சு, பாவம்” என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தைக் கடந்து வலசை போகிறவை எத்தனையோ, நாம் தூங்கும்போது தலைக்கு மேலே போய்விடுகின்றன. இதைக் காற்று கொஞ்சம் இறக்கிவிட்டிருக்கிறது, அவ்வளவே.

கேமராக்காரர் ஒருவர் நெருங்கி நெருங்கிப் போய் அதைக் கிளப்பிவிட்டார். தின்று சேர்த்த கொழுப்புதான் அடுத்த பயணத்துக்கு எரிபொருள். அதை இப்படி வீணடிக்க வைப்பதா? சொன்னேன். முகத்தைச் சுளித்தாலும் பின்வாங்கினார்.

செப்டம்பர் 21

நேற்றிரவு வானம் தெளிந்துவிட்டது. காலையில் போனவர்களுக்கு உப்புக்கொத்திகள் மட்டும்.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டில் எண்ணிக்கை 1 என்று போட்டதும், அரிய பறவை, விவரம் தேவை என்றது. அலகு, கால், செதில் முதுகு எல்லாம் எழுதினேன். பறக்கும்போது முதுகிலும் இறக்கையிலும் தெரியும் வெள்ளைப் பட்டைகளுக்கு என்னிடம் படம் இல்லை. யாரிடம் இருக்கும்? அதே கேமராக்காரரிடம்தான். கூச்சத்தோடு கேட்டேன்; தன் பட்டியலில் ஏற்றி, இணைப்பையும் அனுப்பிவிட்டார். படம் அபாரம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.