டேபிள் பண்ணலாம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். தரமணியில் நைட் ஷிஃப்ட், ராத்திரி எட்டரைக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு கால். நாங்கள் கொடுத்த யோசனையைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாடாளுமன்றத்தில் மசோதாவை 'டேபிள்' செய்தார்கள் என்று இங்கிலீஷ் பேப்பரில் படித்து வளர்ந்தவன் நான். சரி, நாளைக்கே விவாதம் என்று விடிய விடிய உட்கார்ந்து 14 ஸ்லைடு போட்டேன். மறுநாள் காலில் திரையைக் காட்டினால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டீம் லீட் அண்ணன் சாட்டில் தட்டினார்: "தம்பி, அவங்க இப்போ வேணாம்னுதான் சொன்னாங்க."

பிரிட்டிஷ்காரர்களுக்கு டேபிள் என்றால் பேச எடுத்துக்கொள்வது. அமெரிக்கர்களுக்குக் கிடப்பில் போடுவது. நம் பேப்பர்கள் பிரிட்டிஷ் கட்சி. இரண்டாம் உலகப்போர் பற்றி எழுதிய நூலில் சர்ச்சிலும் இதைச் சொல்லியிருக்கிறார். ஓர் அறிக்கையை அவசரமாக 'டேபிள்' செய்யவேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொல்ல, அமெரிக்க அதிகாரிகள் கூடாது என்று மல்லுக்கு நிற்க, நெடுநேரம் கழித்துத்தான் இரண்டு பேரும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்ததாம். எனக்குப் போனது ஒரு ராத்திரித் தூக்கம்தான்.

அப்புறம் காலில் காதில் விழும் இந்த மாதிரி இங்கிலீஷ் சொலவடைகளுக்கென்றே ஒரு நோட்டு போட்டேன். பள்ளியில் உருப்போட்ட 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' அதில் கிடையாது. இதுவரை எந்தக் காலிலும் அது காதில் விழவில்லை. விழுந்ததில் பாதி பேஸ்பால். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்ல வேண்டும். பால்பார்க் என்பது அவர்கள் ஊர் பேஸ்பால் மைதானம். 'டச் பேஸ்' என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம். பதிலுக்கு நானும் ஒருநாள் நம் கிரிக்கெட்டிலிருந்து, இக்கட்டான நிலைமை என்ற அர்த்தத்தில், 'ஸ்டிக்கி விக்கெட்' என்று எடுத்துவிட்டேன். ஸ்பெல்லிங் கேட்டார்கள்.

போன நவம்பரில் வேறொரு கிளையன்ட். வெள்ளிக்கிழமை டெமோவுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்றார். எங்கள் தெருவில் அன்று கணுக்கால் அளவு தண்ணீர். "யெஸ், ஹெவி ரெயின் ஹியர்" என்று நானும் உருக்கமாகச் சொன்னேன். மழையில் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் சீட்டாம் அது. 'இப்போ முடியாது, பிறகு பார்ப்போம்' என்று அர்த்தம். அந்த மனுஷர் பாவம், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று பத்து நிமிஷம் விசாரித்தார்.